பெயின்ட் அடித்த சுவரில் டைல் ஒட்டுவது: பிரைமர் எதைச் செய்யும், எதைச் செய்யாது

நங்கநல்லூரில் 14 வருடப் பழைய அடுக்குமாடி வீடு. சமையலறையில் மேடைக்கு மேலிருந்து கூரை வரைக்கும் இரண்டுக்கு ஒன்று அடி அளவு விட்ரிஃபைடு டைல், கூடத்தில் டிவி மாட்டும் சுவருக்கு மட்டும் நான்குக்கு இரண்டு. சுவரில் இப்போது பட்டி (பெயின்டுக்கு முன் சுவரை வழுவழுப்பாக்கத் தடவும் வெள்ளை மாவு, வால் புட்டி) பார்த்து எமல்ஷன் அடித்திருக்கிறது. மேஸ்திரி, "கொத்து விட்டு சிமென்ட் பால் தடவி ஒட்டிடலாம் சார், முப்பது வருஷமா அப்படித்தான் பண்றேன்" என்கிறார். கொத்து என்பது உளியால் சுவரில் குழி குழியாக அடிப்பது, சிமென்ட் பால் என்பது தண்ணீரில் நீர்க்கக் கரைத்த சிமென்ட். டைல் கடைக்காரரோ, "கொத்தவே வேணாம், இந்த பிரைமரை பெயின்ட் மேலயே அடிங்க, அட்ஹெசிவ் (டைல் பசை) போட்டு ஒட்டுங்க" என்கிறார். யார் சொல்வது சரி, டைல் ஒட்டுமுன் சுவரில் தடவும் இந்த பிரைமர் அவசியம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: இந்தச் சுவர் இந்த டைலைப் பதினைந்து, இருபது வருடம் பிடித்துக்கொண்டு நிற்குமா? பிரைமர் டப்பாவைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. சுவரைத் தட்டி, சுரண்டி, நனைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதை நீங்களே வீட்டில் செய்யலாம். எப்படி என்று எழுதுகிறேன்.

சிவில் டிப்ளமோ முடித்து 22 வருடமாகச் சென்னையில் பூச்சு வேலையும் டைல் வேலையும் மேற்பார்வை பார்க்கிறேன். புது வீடுகளைவிடப் பழைய வீட்டைப் புதுப்பிக்கும் வேலைதான் எனக்கு அதிகம். அதனால் விழுந்த டைல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விழுந்த டைலின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் காரணம் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பசை முழுக்க டைலோடு வந்து, அதன் மேல் பெயின்ட் தோல் போலப் படிந்திருந்தால் பெயின்ட்தான் விட்டிருக்கிறது. வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால் பட்டி. பூச்சே அரை அங்குலக் கனத்தில் பெயர்ந்து வந்திருந்தால் செங்கலுக்கும் பூச்சுக்கும் நடுவில் பிடிப்பு போயிருக்கிறது. டைலின் முதுகு சுத்தமாக, பசையே ஒட்டாமல் வந்திருந்தால் மட்டும்தான் ஒட்டியவரின் கைப்பிழை அல்லது பசையின் குறை. நான் பார்த்தவரை இந்தக் கடைசி வகை குறைவு. பெரும்பாலும் டைலுக்கும் பசைக்கும் நடுவில் ஒன்றும் ஆவதில்லை, பின்னால் இருந்த ஏதோ ஒரு அடுக்குதான் கைவிட்டிருக்கிறது.

உங்கள் சுவரை உள்ளிருந்து வெளியே எண்ணிப் பாருங்கள். செங்கல், அதன் மேல் சுமார் 12 மில்லி மீட்டர் சிமென்ட் பூச்சு, அதன் மேல் பட்டி, பிறகு பெயின்ட் பிரைமர், பிறகு இரண்டு மூன்று கோட் எமல்ஷன். 14 வருடத்தில் ஒரு முறையாவது மறுபடி அடித்திருப்பீர்கள், ஆக இன்னும் இரண்டு கோட். இதன் மேல் நீங்கள் தடவும் டைல் பிரைமர் எமல்ஷனோடு நன்றாகவே ஒட்டும், கடைக்காரர் அந்த மட்டில் சொன்னது பொய்யில்லை. ஆனால் எமல்ஷன் பட்டியோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறது, பட்டி பூச்சோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதை எந்த பிரைமரும் மாற்றாது. அது போய்ச் சேர்வது மேல் அடுக்குக்கு மட்டும். பட்டி என்பது பெயின்டைத் தாங்குவதற்காகச் செய்த பொருள். எமல்ஷனின் எடை ஒரு சதுர மீட்டருக்குச் சில நூறு கிராம். 9 மில்லி மீட்டர் விட்ரிஃபைடு டைலின் எடை சதுர மீட்டருக்குச் சுமார் 21 கிலோ, பசை அதற்கு மேல். உங்கள் நான்குக்கு இரண்டு டைல் ஒன்றே கிட்டத்தட்ட 16 கிலோ வரும். அதைப் பட்டியின் தலையில் கட்டக் கூடாது.

எனவே என் தீர்ப்பு இது: பெயின்டும் பட்டியும் இரண்டும் போக வேண்டும், சிமென்ட் பூச்சின் சாம்பல் நிறம் தெரியும் வரை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சமையலறைக்கும் சரி, டிவி சுவருக்கும் சரி.

அப்படியானால் மேஸ்திரி சொன்ன கொத்து? அது தவறான வழக்கம் இல்லை, வேறொரு முறைக்கு உரிய வழக்கம். முன்பெல்லாம் செராமிக் டைலைத் தண்ணீரில் ஊறவைத்து, அரை அங்குலக் கலவையை முதுகில் அப்பி, சிமென்ட் பால் தடவி ஒட்டினோம். செராமிக் சுவர் டைல் தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும், சிமென்ட் பாலும் அதோடு உள்ளே போய்ப் பிடித்துக்கொள்ளும். கனமான கலவை கொத்தின குழிக்குள் இறங்கி உறைந்துவிடும். அந்த வேலை நாற்பது வருடம் நின்றதை மயிலாப்பூர் வீடுகளில் நானே உடைத்துப் பார்த்திருக்கிறேன், உளி மழுங்கியது. ஆனால் நீங்கள் வாங்கியிருக்கும் விட்ரிஃபைடு டைல் குடிப்பது 0.5 சதவீதத்துக்கும் குறைவு. முதுகு கண்ணாடி மாதிரி. சிமென்ட் பால் அதில் பிடிக்க இடமே இல்லை. அதற்குத்தான் பாலிமர் கலந்த டைல் பசை வந்தது. மேஸ்திரியின் முப்பது வருட அனுபவம் உண்மை, அதில் பெரும்பகுதி வேறு டைலில் கிடைத்த அனுபவம். இதை அவரிடம் மரியாதையாகச் சொன்னால் புரிந்துகொள்வார். ஒரு செராமிக் துண்டையும் விட்ரிஃபைடு துண்டையும் கவிழ்த்து வைத்து இரண்டின் முதுகிலும் ஒரு கரண்டி தண்ணீர் விட்டுக் காட்டுங்கள். ஒன்று உறிஞ்சும், மற்றதில் அப்படியே நிற்கும். நான் பேசிப் புரியவைக்க முடியாத இடங்களில் இது புரியவைத்திருக்கிறது.

கொத்துவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பட்டி பார்த்த சுவரில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு கொத்து விட்டால், குழி விழுந்த இடத்தில் மட்டும்தான் பூச்சு தெரியும். நடுவில் இருக்கும் பரப்பு முழுக்கப் பட்டியும் பெயின்டும்தான். அதோடு, சுத்தியல் அடி விழ விழப் பழைய பூச்சு செங்கலை விட்டு விலகும். வேலை தொடங்கும் முன் உறுதியாக இருந்த சுவர், கொத்தி முடித்த பிறகு தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோலக் கேட்கும். நான் செய்யச் சொல்வது வேறு. முதல் நாள் மாலை சுவரைத் தண்ணீர் தெளித்து ஊறவைத்து, மறுநாள் பட்டித் தகடால் சுரண்டுவது. ஊறிய பட்டி தோசை மாதிரி வரும் இடங்களும் உண்டு, பிடிவாதம் பிடிக்கும் இடங்களும் உண்டு. வராத இடத்துக்கு மட்டும் கிரைண்டரில் கப் வீல் (கிண்ண வடிவத் தேய்ப்புச் சக்கரம்) போட்டுத் தேய்ப்பது. அதன் பிறகு பூச்சு மழுமழுவென்று இருந்தால் லேசாகக் கீறி விடலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் வீட்டின் முதல் பெயின்ட் அதற்கு முந்தையது. ஈயம் அதிகம் இருந்தது எனாமல் எனும் எண்ணெய்ப் பெயின்ட் வகையில்தான், எமல்ஷனில் அந்தப் பயம் குறைவு. ஆனால் பல பழைய சமையலறைகளில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க வசதி என்று மேடைக்கு மேல் எனாமல் அடித்திருப்பார்கள். அப்படி இருந்தால் உலர்ந்த சுவரில் கிரைண்டர் வைக்கவே வேண்டாம், நனைத்துச் சுரண்டுவதோடு நிறுத்துங்கள். சிமென்ட் பூச்சைத் தேய்க்கும் தூசியும் நுரையீரலுக்கு நல்லதில்லை. வேலை செய்பவர்களுக்கு நல்ல முகக் கவசம் வாங்கிக் கொடுங்கள், துண்டைக் கட்டிக்கொண்டு தேய்க்க விடாதீர்கள். குழந்தைகளை அந்த இரண்டு நாள் பாட்டி வீட்டில் விடுங்கள். கிரைண்டரோ உளியோ வைப்பதற்கு முன் சுவருக்குள் போகும் வயர் பைப் வழிகளைச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு, அந்த லைனின் எம்சிபியை (மின் பலகையில் இருக்கும் சிறு பிரேக்கரை) இறக்கிவிடுங்கள்.

பட்டி போனதும்தான் உண்மையான சுவர் வெளியே வரும். இப்போது மூன்று சோதனைகள். முதலாவது தட்டல். ஒரு பெரிய சாவிக்கொத்தோ மரக் கைப்பிடியோ எடுத்து, ஒரு கைப்பிடி இடம் விடாமல் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடத்தில் சத்தம் வெட்டினாற்போல் நிற்கும், விலகிய இடத்தில் பானையைத் தட்டினது மாதிரி கேட்கும். காது ஐந்து நிமிடத்தில் பழகிவிடும், இதற்கு இன்ஜினியர் தேவையில்லை. இரண்டாவது கீறல். பழைய ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் கோடு போடுங்கள். நல்ல பூச்சில் கீறல் மட்டும் விழும். மோசமான பூச்சில் மணல் மணலாகக் கொட்டும். எம் சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) வந்த புதிதில் கழுவாத, தூள் அதிகமான மணலில் பூசிய சுவர்கள் இப்படிக் கொட்டுவதை நிறையப் பார்த்தேன். மூன்றாவது தண்ணீர். கையால் கொஞ்சம் தெளியுங்கள். தெளித்த மாத்திரத்தில் மறைந்தால் சுவர் தாகத்தோடு இருக்கிறது. ஒன்றிரண்டு நிமிடத்தில் மெதுவாக இருண்டு உள்ளே போனால் அருமை. முத்து முத்தாக நின்று வழிந்தால் இன்னும் பெயின்டோ எண்ணெயோ அங்கே மிச்சம் இருக்கிறது. சமையலறையில் அடுப்புக்குப் பின்னால் அநேகமாக இப்படித்தான் இருக்கும். சோப்பு நீரால் தேய்த்துக் கழுவிக் காயவிட்டு மறுபடி பாருங்கள்.

பிரைமரின் வேலை தொடங்குவது இந்த மூன்றாவது சோதனையில்தான். டைல் பசை சிமென்ட். சிமென்ட் உறைவதற்குத் தண்ணீர் வேண்டும். பசையை நாம் மூன்றிலிருந்து ஆறு மில்லி மீட்டர் கனத்தில்தான் தடவுகிறோம். அவ்வளவு மெல்லிய அடுக்கிலிருந்து தாகமெடுத்த சுவர் தண்ணீரை இழுத்துக்கொண்டால், சிமென்ட் உறையாமல் காய்ந்துபோகும். காய்வதும் உறைவதும் ஒன்றில்லை. காய்ந்த பசையை நகத்தால் சுரண்டினாலே மாவாக வரும். பிரைமர் என்பது தண்ணீரில் கரைத்த மிக நுண்ணிய அக்ரிலிக் துகள்கள். அது பூச்சின் துளைகளுக்குள் கொஞ்சம் இறங்கி, உறிஞ்சும் வேகத்தைக் குறைத்து, சுவர் முழுக்க ஒரே மாதிரி ஆக்குகிறது. துடைத்தும் போகாத நுண் தூசியைக் கட்டிப்போடுகிறது. இவ்வளவுதான் அதன் வேலை. கொட்டும் பூச்சை அது கெட்டியாக்காது, விலகிய பூச்சைச் செங்கலோடு சேர்க்காது, தண்ணீர்க் கசிவைத் தடுக்காது.

இன்னொன்றும் சொல்கிறேன். நல்ல சிமென்ட் பூச்சாக இருந்து தண்ணீர் மெதுவாகத்தான் உள்ளே போகிறது என்றால், பிரைமர் இல்லாமலே பல பசைகள் நன்றாக ஒட்டும். சுவரை லேசாக ஈரப்படுத்தி, மேலே தண்ணீர் மினுக்காத நிலையில் ஒட்டச் சொல்லி மூட்டையிலேயே எழுதியிருக்கும். இந்த விஷயத்தில் அனுபவசாலிகளே இரண்டு பக்கம் நிற்கிறார்கள். நான் பழைய வீடுகளில் எப்போதும் பிரைமர் அடிக்கச் சொல்வேன், ஏனென்றால் பழைய சுவர் ஒரே சுவர் இல்லை. ஸ்விட்ச் பாக்ஸ் மாற்றிய இடத்தில் ஒரு கலவை, பைப் புதைத்த இடத்தில் இன்னொன்று, நடுவில் கான்கிரீட் தூண். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் குடிக்கும். ஆனால் இது என் வழக்கம், சட்டம் இல்லை. ஏஏசி கல் (காற்றுக் குமிழிகள் நிறைந்த எடை குறைந்த கான்கிரீட் கல்) சுவரென்றால் மட்டும் மறுபேச்சே கிடையாது, அது பஞ்சு மாதிரி குடிக்கும்.

கடையில் வாங்கும்போது ஒரு குழப்பம் வரும், கவனியுங்கள். "வால் பிரைமர்" என்று கேட்டால் பெயின்டுக்கு முன் அடிக்கும் வெள்ளைப் பிரைமரைத்தான் தருவார்கள். அது வேறு பொருள், டைலுக்கு உதவாது. டைல் பிரைமர் என்றே கேட்டு, எந்தப் பரப்புக்கு என்றும் சொல்லுங்கள். உறிஞ்சும் சுவருக்கு ஒரு வகை, உறிஞ்சாத மழுமழுப்பான பரப்புக்கு மணல் துகள் கலந்த சொரசொரப்பான இன்னொரு வகை. பழைய டைல் மேலேயே புது டைல் ஒட்டும்போது பயன்படுவது இந்த இரண்டாவது. உங்கள் கடைக்காரர் பெயின்டுக்கு மேல் அடிக்கச் சொன்னதும் அநேகமாக இதையே. மரத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து அடிக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது ஈரம் பட்டால் மறுபடி இளகும், சமையலறையில் அதை உள்ளேயே விடாதீர்கள். சிமென்ட் பாலை முதல் நாள் அடித்துக் காயவிட்டு மறுநாள் ஒட்டுவதும் அப்படித்தான், காய்ந்த சிமென்ட் பால் ஒரு பலவீனமான ஓடு. அடித்தால் ஈரம் காயுமுன் மேல் கலவை விழுந்தாக வேண்டும்.

அடிக்கும் விதத்தில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. டப்பாவில் சொன்ன அளவுக்கு மேல் தண்ணீர் கலக்காதீர்கள். கெட்டியாக அடித்தால் நல்லது என்று பளபளக்கும் அளவுக்குப் பூசவும் வேண்டாம், அந்தப் பளபளப்பே பசைக்கு வழுக்கும் தோலாகிவிடும். காய்ந்த பின் உள்ளங்கையால் தேய்த்தால் கையில் மாவு வரக் கூடாது. வந்தால் இன்னொரு கோட். கத்திரி வெயிலில் அரை மணியில் காயும், கார்த்திகை மழையில் அரை நாள் கேட்கும். அடித்துவிட்டு ஒரு வாரம் போட்டுவைத்தால் சமையலறைத் தூசியும் பிசுக்கும் அதன் மேல் படிந்து, செய்த வேலை வீண். அன்றோ மறுநாளோ ஒட்டி முடித்துவிடுங்கள்.

இனி ஓதம், அதாவது சுவருக்குள் ஊறி நிற்கும் ஈரம். சென்னையில் டைல் வேலையைக் கெடுப்பதில் இதற்குத்தான் முதல் இடம் என்பேன், பிரைமரைப் பற்றி எவ்வளவு பேசினாலும் இதற்குப் பிறகுதான். 12 வருடம் முன்பு திருவான்மியூரில் ஒரு தரைத்தள வீட்டில் சமையலறைச் சுவரின் கீழ் இரண்டடி முழுக்க உப்பு பூத்திருந்தது. பூச்சை உடைத்துப் புதிதாகப் பூசினோம். வீட்டுக்காரர்கள் கிருகப்பிரவேசத் தேதியைச் சொல்லி அவசரப்படுத்த, பத்தாம் நாளே பிரைமர் அடித்து டைல் ஒட்ட நான் சம்மதித்தேன். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடவில்லை. முதல் மழைக்காலத்தில் கிரவுட் (டைல்களின் இடுக்கில் நிரப்பும் கலவை) வழியாக வெள்ளைக் கோடுகள் வந்தன. இரண்டாவது மழைக்காலத்தில் கீழ் வரிசை டைல் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. மறுபுறம் துணி துவைக்கும் இடத்தின் தண்ணீர் சுவரடியில் தேங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த வேலையை என் செலவில் மறுபடி செய்து கொடுத்தேன். அந்த வீட்டு அம்மா ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் மனதில் இருக்கிறது.

நடந்தது இதுதான். சுவருக்குள் இருக்கும் தண்ணீரில் உப்பு கரைந்திருக்கும். கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீரே உவர்ப்பு. வடக்கே மீஞ்சூர் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே ஏறியது ஊரறிந்த விஷயம். அந்தத் தண்ணீரில் கலவை போட்டு, அதிலேயே க்யூரிங்கும் (பூச்சு உறுதியாகத் தினமும் நனைப்பதும்) செய்தால் உப்பைச் சுவருக்குள் நாமே ஏற்றிவைக்கிறோம். ஈரம் வெளியேறும்போது உப்பு மேற்பரப்பில் படிகமாகும், படிகமாகும்போது விரிந்து தள்ளும். பெயின்ட் சுவரென்றால் பொருக்குப் பொருக்காக உதிரும். பிரைமரும் விட்ரிஃபைடு டைலும் வைத்து அடைத்துவிட்டால், ஈரத்துக்கு கிரவுட் கோட்டைத் தவிர வேறு வழியில்லை, உப்பு பசைக்குப் பின்னால் உட்கார்ந்து தள்ளும். அதனால் உப்பு பூத்த சுவரில் பிரைமர் அடிப்பது வியாதியை மூடிவைக்கும் வேலை.

சோதிக்க எளிய வழி: ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, 16 மணி நேரத்துக்குக் குறையாமல் விடுங்கள். எடுக்கும்போது உட்பக்கம் நீர் முத்துகளோ, சுவர் அந்த இடத்தில் மட்டும் கறுத்தோ இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. இது கான்கிரீட்டுக்கென்று வந்த சோதனை, பூச்சுச் சுவரில் ஓரளவுக்குத்தான் நம்பலாம். ஈரம் தெரிந்தால் கட்டாயம் ஈரம் இருக்கிறது, தெரியவில்லை என்றால் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது. குறிப்பாக சமையலறைக்கு அடுத்தது பாத்ரூம் என்றால் அந்தப் பொதுச் சுவரிலும், வெளிச்சுவரென்றால் ஜன்னலுக்குக் கீழேயும் பாருங்கள். ஈரம் இருந்தால் அது வரும் மூலத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள்: கசியும் பைப், பாத்ரூம் மூலை, மொட்டை மாடி, எதுவோ அது. பூத்த உப்பை முதலில் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்து வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளேயே போகும். கறை தெரியும் உயரத்துக்கு மேலும் இரண்டு மூன்று அடி சேர்த்துப் பூச்சை உடைத்து, செங்கல் மூச்சுவிடக் காயவிடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வேளச்சேரி பக்கம் வேலை செய்தபோது, ஊறிய சுவர் ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் வீதம் காயும் என்ற பழைய கைக்கணக்கைச் சொன்னால் யாரும் நம்பவில்லை. ஒன்பது அங்குலச் சுவர்கள் அடுத்த ஆடி வரை ஓதம் காத்துக்கொண்டுதான் இருந்தன. நீங்கள் மேல் தளமென்றால் அவ்வளவு கவலை வேண்டாம். எந்தத் தளம் என்று நீங்கள் எழுதவில்லை.

கலவைக்கும் பசைக்கும் மெட்ரோ வாட்டரோ, குடிக்கத் தக்க தண்ணீரோதான். டைல் பசை ஒரு மூட்டைக்குச் சில லிட்டர்தான் கேட்கும். அதில் போர் தண்ணீரை ஊற்றி மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

புதிதாகப் பூசும் இடங்களுக்கு 7 நாள் க்யூரிங், அதன் பிறகு காய்வதற்கு நேரம். நாலு வாரம் கிடைத்தால் பூச்சு சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கி முடித்திருக்கும். பத்து நாளில் ஒட்டியும் நின்ற வேலைகள் உண்டு, மேஸ்திரி அதைத்தான் எடுத்துக்காட்டுவார். நான் விழுந்ததையும் பார்த்தவன், அதனால் நாலு வாரம் என்கிறேன். தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் கோழி வலை வைத்துப் பூசச் சொல்லுங்கள், அங்கே வரும் விரிசல் டைலையே கிழிக்கும். கான்கிரீட் முகத்தில் பலகைக்குத் தடவிய எண்ணெய் இருக்கும். அதைக் கப் வீலால் தேய்த்து எடுத்த பிறகே பிரைமர்.

டிவி சுவருக்குத் தனியாக ஒன்று. உங்கள் வீட்டில் சிமென்ட் பூச்சாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் ஓஎம்ஆர் பக்கத்துப் புதிய அடுக்ககங்களில் உள்சுவருக்கு ஜிப்சம் பூச்சு வந்துவிட்டதால், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சுரண்டினால் வெள்ளையாக, மெத்தென்று, சாக்பீஸ் போல வந்தால் அது ஜிப்சம். ஜிப்சத்தின் மேல் சிமென்ட் பசை நேரடியாகப் பட்டால், ஈரம் இருக்கும்போது இரண்டும் வினைபுரிந்து எட்ரிங்கைட் என்ற ஊசிப் படிகம் வளரும். அது விரிந்து பசையைச் சுவரிலிருந்து பிரித்துவிடும். இங்கே பிரைமர் இரண்டுக்கும் நடுவில் சுவராக நிற்கிறது, அதனால் கட்டாயம். அப்படியிருந்தும் ஜிப்சம் பூச்சு தாங்கும் எடைக்குப் பிரிட்டிஷ் விதிமுறை வைக்கும் எல்லை, பசையும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 20 கிலோ. 9 மில்லி மீட்டர் விட்ரிஃபைடு தனியாகவே அதைத் தாண்டிவிடுகிறது. எனவே ஜிப்சம் சுவரில் நான்குக்கு இரண்டு ஒட்ட ஆசைப்பட்டால், அந்தச் சுவரில் ஜிப்சத்தை எடுத்துவிட்டுச் சிமென்டில் பூசுங்கள். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பழைய வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சுக்கும் இதேதான். அந்தப் பூச்சு தன் வேலைக்கு அற்புதமானது, டைலைச் சுமக்க அதைக் கேட்கக் கூடாது.

சுவர் மட்டமும் தயாரிப்பில் சேர்த்தி. பெரிய டைலுக்கு, அதாவது ஒரு பக்கம் 15 அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால், பத்தடி நீளத்துக்கு 3 மில்லி மீட்டருக்கு மேல் மேடு பள்ளம் இருக்கக் கூடாது என்பது அமெரிக்க விதிமுறை. சின்ன டைலுக்கு 6 வரை போகலாம். உங்கள் இரண்டு அளவுமே பெரிய டைல் கணக்கில்தான் வரும். நம் ஊர்ப் பூச்சில் அரை அங்குல வித்தியாசம் சாதாரணம். அலுமினிய மட்டக்கட்டையைச் செங்குத்தாக, படுக்கையாக, குறுக்காக வைத்துப் பாருங்கள், வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் பள்ளம். அந்தப் பள்ளத்தை முன்கூட்டியே கலவையால் நிரப்பிக் காயவிட வேண்டும். நிரப்பாமல் விட்டால் ஒட்டுபவர் என்ன செய்வார்? டைலின் நான்கு மூலைக்கும் நடுவுக்கும் ஐந்து பொட்டு பசை வைத்து, அழுத்தி மட்டம் பார்த்துவிடுவார். வெளியே பார்க்க அழகாக இருக்கும். உள்ளே பாதி வெற்றிடம். பாத்திர அலமாரிக்கு டிரில் போடும்போது அங்கேதான் உடையும், கரப்பான் குடியிருப்பதும் அங்கேதான். பல் கரண்டியால் சுவரில் ஒரே திசையில் கோடு இழுத்து, பெரிய டைலென்றால் அதன் முதுகிலும் மெல்லத் தடவி ஒட்ட வேண்டும். ஒட்டிய முதல் டைலை உடனே பெயர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதுகில் ஐந்தில் நான்கு பங்காவது பசை பட்டிருக்க வேண்டும், ஸிங்க் பக்கத்தில் கிட்டத்தட்ட முழுதும். பசையைச் சுவரில் தடவிவிட்டுப் பேசிக்கொண்டிருக்கவும் கூடாது. சாதாரணப் பசைக்கு 20 நிமிடம்தான் திறந்த நேரம் (தடவியதிலிருந்து டைலைப் பதிக்கக் கிடைக்கும் நேரம்), மே மாத அனல் காற்றில் அதற்குள்ளேயே மேலே தோல் கட்டிவிடும். விரலால் தொட்டால் விரலில் ஒட்ட வேண்டும்.

பசை வாங்கும்போது மூட்டையில் ஐஎஸ் 15477 என்ற எண்ணையும் வகையையும் பாருங்கள். 2019 திருத்தத்தில் ஐந்து வகை உண்டு. முதல் வகை உள்வீட்டுச் செராமிக்குக்கு, விட்ரிஃபைடுக்கு இரண்டாவது வகையோ அதற்கு மேலோ கேளுங்கள். பிரைமரையும் பசையையும் ஒரே நிறுவனத்தில் வாங்கினால், பிறகு ஏதாவது ஆனால் ஒருவர் மேல் ஒருவர் கைகாட்ட இடமில்லை.

கடைசியாகக் கூலி. மேஸ்திரிக்குச் சதுர அடிக் கணக்கில் பேசியிருப்பீர்கள். அப்படிப் பேசினால் டைல் ஒட்டும் பரப்புக்குத்தான் காசு, சுரண்டுவதற்கும் காயவிடுவதற்கும் அவருக்கு ஒரு ரூபாயும் வராது. அவர் அவசரப்படுவதில் தப்பே இல்லை, கணக்கு அப்படி. பட்டி எடுப்பது, பூச்சைத் தட்டிப் பார்த்து உடைத்துப் பூசுவது, மட்டம் நிரப்புவது, பிரைமர் ஆகிய நான்கையும் தனியாக நாள் கூலியில் பேசுங்கள், அந்த நாட்கள் முடிந்து நீங்கள் பார்த்த பிறகுதான் சதுர அடிக் கணக்கு தொடங்கும் என்று சொல்லிவிடுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே அடுப்புக்குப் பின்னால், ஸிங்குக்கு மேல், டிவி சுவர் நடுவில் என்று மூன்று இடத்தில் ஒரு சாண் சதுரம் சுரண்டிப் பாருங்கள். தட்டிப் பார்த்துச் சத்தம் மாறும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். வட்டங்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாக இருந்தால் அந்த இடங்களை மட்டும் சதுரமாக வெட்டிப் பூசினால் போதும். சுவரில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் ஒட்டுப்போட வேண்டாம், முழுப் பூச்சையும் இறக்கிவிடச் சொல்லுங்கள்.